செவிலியர் கல்வியில் பன்னாட்டுக் கற்றல் அனுபவம்

செவிலியர் கல்வியில் பன்னாட்டுக் கற்றல் அனுபவம் என்பது, செவிலியம் பயிலும் மாணவர்களோ பயிற்றுநர்களோ தம் நாட்டுக்கு வெளியே உள்ள மருத்துவமனை, கல்லூரி, சமூக நல மையம் ஆகியவற்றில் குறிப்பிட்ட காலம் தங்கிக் கற்பதைக் குறிக்கும். வேற்று நாட்டவர் இங்கு வந்து கற்பதும் கற்பிப்பதும் இதில் அடங்கும். சில வாரங்கள் நடக்கும் பார்வையாளர் பயிற்சி முதல் பல ஆண்டுகள் நீளும் பட்டமேற்படிப்பு வரை இதற்குப் பல வடிவங்கள் உள்ளன.

தமிழகத்தில் முறையான செவிலியர் கல்வி உருவானதே இத்தகைய நாடு கடந்த கற்றலால்தான். அதன் தொடக்கக் கதைகளுள் ஒன்று, செஞ்சியிலிருந்து கிழக்கே சுமார் 28 கி.மீ. தொலைவில் உள்ள திண்டிவனத்தில் நிகழ்ந்தது.

வரலாற்றுப் பின்னணி

நவீன செவிலியத்தின் முன்னோடியான புளோரன்ஸ் நைட்டிங்கேல் தம் தொழிலைச் சொந்த நாட்டில் கற்கவில்லை. இங்கிலாந்தில் நல்ல குடும்பத்துப் பெண்கள் மருத்துவமனையில் வேலை செய்வது இழிவாகக் கருதப்பட்ட காலம் அது. அவர் 1851இல் ஜெர்மனியின் கைசர்சுவெர்த் நகரில், தியோடர் ஃபிளீட்னர் 1836இல் நிறுவிய நிலையத்தில் சுமார் மூன்று மாதங்கள் தங்கிப் பயிற்சி பெற்றார். அங்கு நோயாளர் பராமரிப்பின் தரமும் தூய்மையும் குறைவாக இருந்ததாகவும், ஊழியர்களின் அர்ப்பணிப்பே உயர்ந்திருந்ததாகவும் பிற்காலத்தில் அவர் குறிப்பிட்டார். வேற்றிடத்தில் கற்கும்போது எதைப் பின்பற்ற வேண்டும் என்பதோடு எதைத் தவிர்க்க வேண்டும் என்பதும் தெரியவரும் என்பதற்கு இது பழைய சான்று. 1860இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, பல நாடுகளுக்கும் முன்மாதிரியாயிற்று. நைட்டிங்கேல் இந்தியாவுக்கு ஒருமுறையும் வந்ததில்லை. ஆயினும் இந்திய மருத்துவமனைகளுக்கான செவிலியர் அமைப்பு குறித்து 1865இல் பரிந்துரைகள் எழுதினார்.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1908இல் இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் உருவாயிற்று. அது 1912இல் பன்னாட்டுச் செவிலியர் மன்றத்தில் இணைந்தது. சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் பதிவுக்கான சட்டம் 1926இல் வந்தது.

யாழ்ப்பாணத்தில் இதற்கு முந்தைய ஒரு மரபு உண்டு. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்து, மானிப்பாயில் 60க்கும் மேற்பட்ட தமிழ் மருத்துவர்களைப் பயிற்றுவித்தார். வெளிநாட்டு அறிவு உள்ளூர் மொழியில் தரப்பட்டால் அது வேர்விடும் என்பதை அவர் பணி காட்டியது.

திண்டிவனமும் வேலூரும்

ஐடா சோபியா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த அவர், 1890ஐ ஒட்டி, உடல்நலம் குன்றியிருந்த தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்தார். அவருடைய தந்தை ஜான் ஸ்கடர் அங்கு மருத்துவராக இருந்தார். மருத்துவராகும் எண்ணமோ இந்தியாவில் தங்கும் எண்ணமோ ஐடாவுக்கு அப்போது இல்லை. ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் இன்னொரு இந்துச் சாதியைச் சேர்ந்தவர். மூவரின் மனைவியரும் பிரசவம் சிக்கலாகித் தவித்துக்கொண்டிருந்தனர். ஐடா தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தந்தையை அழைத்துச் செல்லலாம் என்றும் கூறினார். ஆண் மருத்துவர் பார்ப்பதை மூவருமே ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர்.

இந்த இரவே ஐடாவை மருத்துவக் கல்வியை நோக்கித் திருப்பியது. நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், 1900இல் வேலூரில் ஒரு படுக்கையுடன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. மருத்துவர் ஒருவர் மட்டும் இருந்தால் போதாது, நோயாளியின் அருகிலேயே இருக்கும் பயிற்சி பெற்ற பெண்கள் வேண்டும் என்பது விரைவில் புலப்பட்டது. 1909இல் அமெரிக்கச் செவிலியர் டெலியா ஹௌட்டன் தலைமையில் அங்கு செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல்தான் வந்தது. வேலூரில் செவிலியர் கல்வி, மருத்துவர் கல்விக்கு ஒன்பது ஆண்டுகள் மூத்தது.

1946இல் செவிலியப் பட்டப்படிப்பு இந்தியாவில் முதன்முறையாக டெல்லியிலும் வேலூரிலும் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் வெளியான போர் குழு அறிக்கை, நாட்டில் சுமார் 43,000 பேருக்கு ஒரு செவிலியரே உள்ளார் எனக் கணக்கிட்டது. விடுதலைக்குப் பிறகு கொழும்புத் திட்டம், உலக சுகாதார நிறுவனம், ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஆகியவற்றின் உதவித்தொகையில் இந்தியச் செவிலியர் வெளிநாடு சென்று படித்துத் திரும்பினர். வெளிநாட்டவர் வகித்த பொறுப்புகள் படிப்படியாக இந்தியர் கைக்கு வந்தன.

கற்றலின் வடிவங்கள்

இன்று வழக்கிலுள்ள பன்னாட்டுக் கற்றலைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

பார்வையாளர் பயிற்சி: மாணவர் இரண்டு முதல் எட்டு வாரங்கள் வரை வேற்று நாட்டு மருத்துவமனையில் தங்கி, பணிகளைப் பார்த்துக் கற்பர். அந்நாட்டுப் பதிவு இல்லாததால் நோயாளியைத் தாமே கையாளும் உரிமை இவர்களுக்குக் கிடையாது.

மாணவர் பரிமாற்றம்: இரு கல்லூரிகள் உடன்படிக்கை செய்துகொண்டு மாணவர்களை மாற்றி அனுப்புவது. ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டம் 1987இல் இவ்வாறு தொடங்கியது.

பயிற்றுநர் பரிமாற்றம்: ஆசிரியர் ஒருவர் கற்றுவந்தால், அவரிடம் படிக்கும் ஒவ்வோர் ஆண்டு மாணவருக்கும் அது போய்ச் சேரும். செலவு குறைவு, பயன் நீடித்தது.

மேற்படிப்பு: முதுகலை, முனைவர் பட்டம், சிறப்புத் துறைப் பயிற்சி ஆகியவை.

இணையவழிக் கூட்டுக் கற்றல்: இரு நாட்டு மாணவர்கள் ஒரே நோயாளியின் நிலையை இணையத்தில் சேர்ந்து ஆராய்வது. கொரோனா காலத்தில் பயணம் தடைபட்டபோது இது பரவலாயிற்று. வெளிநாடு செல்ல வசதியில்லாத மாணவர்களும் இதில் பங்கேற்க முடியும்.

மாணவர் கற்றுக்கொள்பவை

வெளிநாட்டில் புதிய கருவிகளைக் காண்பதே முதன்மைப் பயன் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் கருவிகள் சில ஆண்டுகளில் இங்கும் வந்துவிடும். வேலை நடக்கும் முறையை நேரில் காண்பதே நிலைத்த பயனைத் தரும். பணிமுறை மாறும்போது ஒரு செவிலியர் அடுத்தவரிடம் நோயாளியை ஒப்படைப்பதை எடுத்துக்காட்டாகக் கூறலாம். பல நாடுகளில் இது நோயாளியின் படுக்கையருகே, அவர் கேட்கும்படி, ஒரு வரிசை முறைப்படி நடக்கிறது. அவரும் குறுக்கிட்டுத் திருத்தலாம். ஆபத்தான மருந்துகளை இருவர் சரிபார்த்த பின்னரே கொடுப்பதும், மருத்துவர் எழுதிய அளவில் ஐயம் இருந்தால் செவிலியர் தயங்காமல் கேட்பதும் இவ்வாறே நேரில் கண்டு கற்கத்தக்கவை. இவை தமிழ்நாட்டுப் பாடநூல்களிலும் உள்ளன. நாள்தோறும் நடைமுறையில் இருப்பதைப் பார்க்கும்போதுதான் இவை செய்யக்கூடியவை என்ற நம்பிக்கை வருகிறது.

இரண்டாவது பயன், பண்பாடு பற்றிய தெளிவு. அமெரிக்காவின் மேடலின் லெய்னிங்கர், நோயாளியின் பண்பாட்டை அறியாமல் நல்ல பராமரிப்பு தர இயலாது என்னும் கருத்தைப் பண்பாடு கடந்த செவிலியம் என்ற துறையாக வளர்த்தார். நியூசிலாந்தின் மாவோரிச் செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் இதை வேறு கோணத்தில் பார்த்தார். பிறருடைய வழக்கங்களை மனப்பாடம் செய்வது போதாது, செவிலியர் தம்முடைய அதிகாரத்தையும் முன்முடிவுகளையும் முதலில் உணர வேண்டும், பராமரிப்பு பாதுகாப்பானதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நோயாளியே என்று அவர் வாதிட்டார். பண்பாட்டுப் பாதுகாப்பு எனப்படும் இக்கருத்து நியூசிலாந்துச் செவிலியர் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது.

வேற்று நாட்டில் மொழி தெரியாமல் நிற்கும் மாணவர், மருத்துவமனைக்கு முதன்முறை வரும் கிராமத்து நோயாளியின் நிலையைத் தாமே உணர்கிறார். அறிவிப்புப் பலகை புரியாது. யாரைக் கேட்பது என்று தெரியாது. சொன்னதைத் திரும்பக் கேட்கக் கூச்சமாக இருக்கும். ஊர் திரும்பியபின் நோயாளியிடம் பேசும் முறை மாற இது ஒரு காரணமாகிறது.

எதிர்த்திசைக் கற்றல்

பணக்கார நாடு கற்பிக்கும், ஏழை நாடு கற்கும் என்பது முழு உண்மையன்று. குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு தோலுறச் சேர்த்து வைக்கும் கங்காரு பராமரிப்பு முறை, 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் பிறந்தது. இன்று அது செல்வ நாடுகளிலும் பின்பற்றப்படுகிறது. உப்பு-சர்க்கரைக் கரைசலின் ஆற்றலை 1971இல் வங்க அகதி முகாமில் திலீப் மகாலநபிஸ் மெய்ப்பித்தார். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், அயலாரையே பராமரிப்பாளர்களாக ஆக்கியது. அதைக் கற்கப் பல நாட்டவர் வருகின்றனர். 1976இல் மதுரையில் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களைத் தேர்ந்த கண் மருத்துவப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தது. அங்கும் வெளிநாட்டவர் பயிற்சிக்கு வருகின்றனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, வெளிநாட்டு மாணவர்களைக் குறுகியகாலப் பயிற்சிக்கு ஏற்கிறது.

செஞ்சி வட்டாரத்தில் கற்கக்கூடியவை

செஞ்சி, விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள கோட்டை நகரம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மராட்டிய இராணுவ நிலக்காட்சிகளின் பன்னிரண்டு கோட்டைகளுள் தமிழகத்தில் உள்ளது இது ஒன்றே. சுற்றியுள்ள ஊர்கள் நெல், மணிலா, கரும்பு பயிரிடும் வேளாண் கிராமங்கள். இத்தகைய வட்டாரத்தில் வெளிநாட்டுச் செவிலிய மாணவர் காணக்கூடியவை, பெருநகர மருத்துவமனையில் கிடைக்காதவை.

முதலாவது, பாம்புக்கடி. வயல்வேலை செய்வோரை நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் தாக்குகின்றன. கடிபட்டவரின் இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்கும் எளிய சோதனையைச் செவிலியரே செய்ய முடியும். நச்சுமுறிவு மருந்து ஏற்றும்போது ஒவ்வாமை வரலாம் என்பதால் அட்ரினலின் ஊசியை அருகில் ஆயத்தமாக வைத்திருப்பதும் அவர் பொறுப்பு. விழுப்புரம் உள்ளிட்ட வடமாவட்டங்களில் வாழும் இருளர் மக்களுக்கு இம்மருந்துடன் நேரடித் தொடர்பு உண்டு. 1978இல் செங்கல்பட்டுப் பகுதியின் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், மருந்து தயாரிப்புக்கான நஞ்சை எடுத்துத் தருகிறது.

இரண்டாவது, தமிழக அரசின் பொதுச் சுகாதார அமைப்பு. துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர், 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முறைவைத்துப் பணியாற்றும் செவிலியர், அதற்கு மேல் அவசர மகப்பேறு சிகிச்சை மையம் என்று படிநிலைகள் உள்ளன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு மருந்துகள் வீட்டுக்கே போய்ச் சேர்கின்றன. படுக்கையில் கிடப்போருக்கு வலி தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கு வருகின்றனர். 2018-20 மாதிரிப் பதிவு ஆய்வின்படி தமிழகத்தில் ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு 54. அகில இந்திய அளவு 97. திண்டிவனத்தின் அந்த இரவை நினைவில் கொண்டால் இந்த மாற்றத்தின் அளவு விளங்கும். இதில் பயிற்சி பெற்ற செவிலியருக்குப் பெரும் பங்குண்டு.

மூன்றாவது, குடும்பம். மேலை நாட்டு வார்டில் பார்வை நேரம் முடிந்ததும் உறவினர் போய்விடுவர். இங்கு தாயோ தங்கையோ மாமியாரோ இரவும் பகலும் உடனிருப்பர். சீம்பாலைக் கறந்து கொட்டிவிடும் பழைய வழக்கத்தை மாற்ற வேண்டுமானால் பிள்ளை பெற்றவளிடம் பேசினால் போதாது, பாட்டியிடமும் பேச வேண்டும். பத்திய உணவில் எது நன்மை, எது தாயைப் பட்டினி போடுகிறது என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். நோயாளி "கிறுகிறுன்னு வருது", "படபடன்னு இருக்கு" என்று சொல்வதில் எது தலைசுற்றல், எது இதயத் துடிப்பு என்பதையும் உள்ளூர்ச் செவிலியரிடமிருந்தே கற்க இயலும்.

சிக்கல்கள்

பயணம், தங்குமிடம், காப்பீடு, விசா ஆகியவற்றின் செலவால் வசதியுள்ள மாணவருக்கே வாய்ப்பு கிடைக்கும் நிலை உள்ளது. செஞ்சி போன்ற வட்டங்களிலிருந்து கல்விக்கடன் பெற்றுப் படிப்பவர்களுக்கு உதவித்தொகை இல்லாமல் இது எட்டாது.

வருகை தரும் மாணவர், சொந்த நாட்டில் செய்ய அனுமதி இல்லாத சிகிச்சைகளை இங்கு செய்து பார்ப்பது பெரிய அறப்பிழை. ஏழை நோயாளி மறுக்க மாட்டார் என்பதை ஒப்புதலாகக் கொள்ள முடியாது. அவருடைய மொழியில் விளக்கி இசைவு பெற வேண்டும். படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் இடுவதற்கும் இது பொருந்தும்.

விருந்தளிக்கும் மருத்துவமனையின் செவிலியருக்கு வேலைச் சுமை கூடுகிறது. அவர்களுக்குத் திரும்ப எதுவும் கிடைக்காத திட்டம், பரிமாற்றம் என்ற பெயருக்கு உரியதன்று.

கற்றலும் வேலைக்கான இடப்பெயர்வும்

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட உலகச் செவிலியர் நிலை அறிக்கை, உலகில் 2.79 கோடி செவிலியர் இருப்பதாகவும் 59 இலட்சம் பேர் பற்றாக்குறை என்றும் கூறியது. எட்டில் ஒருவர், தாம் பிறந்த அல்லது பயின்ற நாட்டுக்கு வெளியே பணியாற்றுவதாகவும் அது குறிப்பிட்டது. இதனால் வெளிநாட்டுப் பயிற்சி என்ற சொல்லே பலருக்கு வெளிநாட்டு வேலை என்று கேட்கிறது. இரண்டும் வேறு. குறுகியகாலப் பயிற்சிச் சான்றிதழ் வேலை செய்யும் உரிமையைத் தராது. அமெரிக்காவில் பணியாற்ற என்கிளெக்ஸ் தேர்வும், பிரிட்டனில் பதிவுபெறக் கணினித் தேர்வும் செய்முறைத் தேர்வும், ஜெர்மனியில் மொழித் தேர்ச்சியும் கல்வித்தகுதி ஏற்பும் தேவை.

வளைகுடா நாடுகள் உள்ளிட்ட, குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செவிலியரை வேலைக்கு அனுப்புவதை 2015இல் நடுவண் அரசு அரசு சார்ந்த முகமைகளிடம் ஒப்படைத்தது. தமிழ்நாட்டில் இப்பணியைச் செய்வது 1978இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். பயிற்சி என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கும் இடைத்தரகர்களிடம் பணம் கட்டுவதற்கு முன், அந்தப் படிப்பை இந்தியச் செவிலியர் மன்றம் ஏற்கிறதா, முகவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று மாணவரும் பெற்றோரும் பார்க்க வேண்டும்.

செவிலியர் பற்றாக்குறையுள்ள நாடுகளிலிருந்து முனைந்து ஆள் எடுக்கக் கூடாது என்ற நெறிமுறையை உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஏற்றது. தனி ஒருவரின் வெளியேறும் உரிமையை அது மறுக்கவில்லை.

நல்ல திட்டத்தின் கூறுகள்

பயன் தரும் பன்னாட்டுக் கற்றல் திட்டங்களில் சில பொதுக் கூறுகள் காணப்படுகின்றன. புறப்படும் முன் மொழி, வரலாறு, நோய்ச் சூழல், சட்ட வரம்பு ஆகியவை பற்றிய ஆயத்தம் தரப்படுகிறது. செல்லுமிடத்தில் வழிகாட்டும் செவிலியர் ஒருவர் பெயர் குறித்து நியமிக்கப்படுகிறார். மாணவர் நாட்குறிப்பு எழுதி, கண்டதைத் தம் ஊர் நடைமுறையோடு ஒப்பிடுகிறார். திரும்பியபின் வகுப்பில் எடுத்துரைத்து, ஒரு சிறு மாற்றத்தையாவது செய்துபார்க்க வாய்ப்பு தரப்படுகிறது. இரு பக்கத்து மாணவரும் பயணம் செய்கின்றனர்.

திரும்பிவந்தவர்க்கு அந்த வாய்ப்பு கிடைக்காதபோது பெரும்பாலான திட்டங்கள் வீணாகின்றன. ஒப்படைப்பு முறையைக் கற்றுவந்த செவிலியருக்கு, முப்பது நோயாளிகள் கொண்ட வார்டில் அதைச் செய்ய நேரமும் மேலாளரின் ஒப்புதலும் வேண்டும்.

அண்மைக்காலப் போக்குகள்

இந்தியச் செவிலியர் மன்றம் 2021இல் திருத்திய நான்காண்டுப் பட்டப்படிப்புப் பாடத்திட்டம், பருவ முறையையும், திறன் அடிப்படையிலான மதிப்பீட்டையும், உயிருள்ள நோயாளிக்கு முன் மனித உருவ மாதிரியில் பழகும் பயிற்சியையும் கொண்டுள்ளது. 2023இல் தேசியச் செவிலிய, மருத்துவச்சியர் ஆணையச் சட்டம் நிறைவேறியது.

2018இல் இந்திய அரசு மருத்துவச்சியர் சேவை வழிகாட்டுநெறிகளை வெளியிட்டது. பதிவுபெற்ற செவிலியருக்கு 18 மாதங்கள் கூடுதல் பயிற்சி தந்து, இயல்பான பிரசவத்தைத் தாமே பொறுப்பேற்று நடத்தும் மருத்துவச்சியராக ஆக்குவது இதன் நோக்கம். இப்பயிற்சி பன்னாட்டு மருத்துவச்சியர் கூட்டமைப்பின் தகுதிநிலைகளைத் தழுவியது. தேர்ச்சி பெறும் மருத்துவச்சியர் பணியாற்ற வேண்டிய இடங்கள், திண்டிவனம், செஞ்சி போன்ற ஊர்களில் உள்ளவை போன்ற அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறைகளே.